நூலகத்தில் ‘வீடிங்’: களையெடுப்பா, கவாத்தா, களைவா?

மடல் 1

வணக்கம். உடற்பயிற்சி அறிவியல், நலமேம்பாடு ஆகிய துறைகளுக்கான பல்கலைக்கழக நூல்தொகுப்புக் கொள்கையைத் தமிழில் எழுதி வருகிறேன். பயன் குறைந்த நூல்களை அடுக்கிலிருந்து எடுக்கும் ‘வீடிங்’ (weeding) என்பதற்குக் ‘களையெடுப்பு’ என்று வைத்திருக்கிறேன். பொருந்துமா?

மடல் 2

ஐயா, களை தானாக முளைப்பது. நூல் நாம் காசு கொடுத்து வாங்கியது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2010 பரிந்துரைப்படி, ஒரு தடவைக்கு 10 நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் அந்த உடலியக்கம் கணக்கில் சேரும். 2020இல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். பழையதை ஒட்டி எழுதிய பாடநூல் அன்றைக்குப் பயிர்தான். இன்று அதைப் பார்த்து அட்டவணை போடும் மாணவர், மூன்று நிமிடம் மாடிப்படி ஏறுவதைச் சேர்க்காமல் விட்டுவிடுவார். அதனால் 613.7இல் (டூயி வகைப்பாட்டில் உடற்பயிற்சி நூல்களுக்கான எண்) அந்த நூல் இருக்கக் கூடாது. ஆனால் பரிந்துரைகள் மாறிய வரலாற்றை ஆராய்பவருக்கு வேண்டும். ஒரு படி சேமிப்பறைக்குப் போகட்டும். களையை யாரும் சேமிப்பதில்லை!

‘கழிப்பு’ வேண்டாம், கழிப்பறை நினைவுக்கு வரும். ‘கவாத்து’ எனக்குப் பிடித்த சொல்: மரம் தழைக்கவே கிளையை வெட்டுகிறோம். ஆனால் அதற்கு டிரில் என்றும் பொருள் உண்டு. ‘கவாத்து நூல்கள்’ என்று உடற்பயிற்சிப் பிரிவிலேயே எழுதிவைத்தால் அணிவகுப்புக் கையேடு தேடி வருவார்கள்.

என் பரிந்துரை ‘களைவு’. குறை களைதல், ஐயம் களைதல் என்கிறோமே, அந்தக் களைதல். களைவுப் பட்டியல், களைவு முத்திரை, களைந்த படி என்று கிளைச்சொற்களும் இடறாமல் வருகின்றன.

மடல் 3

களைவு சரி. தசைக் ‘களைப்பு’ நூல்களுக்குப் பக்கத்தில் அந்தப் பலகையை மட்டும் வைக்காதீர்கள்.

ஒரு திருத்தம். களைவு என்பது அடுக்கிலிருந்து எடுக்கும் முடிவு மட்டுமே. அதன் பிறகு இரண்டு வழி: சேமிப்பறைக்கு ‘இடமாற்றம்’, அல்லது கணக்கிலிருந்து ‘பதிவுநீக்கம்’. கொள்கையில் மூன்றையும் தனித்தனியே வரையறுங்கள். பதிவுநீக்கத்துக்கு ஆணை வேண்டும். சேர்க்கைப் பதிவேட்டில் வரியை அடிக்காமல், குறிப்புப் பத்தியில் ஆணை எண்ணும் தேதியும் எழுத வேண்டும். வரியை அடித்துவிட்டால் தணிக்கையில் அந்தப் படிக்கு விளக்கம் இருக்காது.

கோஹா என்ற நூலக மென்பொருளில், ஒவ்வொரு படியின் விவரமும் பதியும் 952ஆம் புலத்தின் துணைப்புலம் 0 பதிவுநீக்கத்துக்கு. துணைப்புலம் 1 தொலைந்த நூலுக்கு. தமிழ் இடைமுகத்தில் இரண்டுக்கும் ‘இல்லை’ என்று போட்டால் ஊழியர் அவசரத்தில் மாற்றிக் குறிப்பார். முறைப்படி நீக்கிய படிகள் இருப்புச் சரிபார்ப்பில் தொலைந்த கணக்கில் ஏறிவிடும். முன்னதற்குப் ‘பதிவு நீக்கப்பட்டது’, பின்னதற்குத் ‘தொலைந்தது’ என்று வையுங்கள். ‘களையப்பட்டது’ என்று அங்கே போட வேண்டாம். சேமிப்பறையில் இருக்கும் படியும் களைந்ததுதானே, அதை மாணவர் கேட்டு வாங்கலாம்.