ஜாதிக்காய் பெண் மரம் இளைத்துப்போகிறது, வழி சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். பர்லியார் பக்கம் எங்கள் தோட்டத்தில் அப்பா விதை போட்டு வளர்த்த ஜாதிக்காய் மரங்கள் 9 நிற்கின்றன. ஆண் 4, பெண் 5. ஆண் மரம் கொத்துக் கொத்தாகப் பூத்து உதிர்ப்பதோடு சரி, இலை கரும்பச்சையாகச் செழித்திருக்கிறது. பெண் மரம்தான் பாவம். ஒரு காய் வெடித்துச் சிவப்பாக ஜாதிபத்திரி தெரிய ஏறக்குறைய 9 மாதம் சுமக்க வேண்டும். போன வருடம் அள்ளிக் கொடுத்த மரத்தில் இப்போது கொழுந்தே காணோம், நுனிக்கிளை தொட்டால் சுள்ளியாக ஒடிகிறது. பிஞ்சிலேயே கொஞ்சம் கிள்ளிவிடலாமா? பெண்ணுக்கு மட்டும் தொழுவுரம் கூட்டிப் போடலாமா?

அப்புறம், 10 பெண்ணுக்கு 1 ஆண் போதும் என்பார்கள். மிச்ச ஆணை வெட்ட மனசு வரவில்லை. அதில் பெண் மரத்துக் குச்சியை ஒட்டுக் கட்டி மாற்றியவர்கள் இருந்தால், எந்த மாதத்தில் கட்டினீர்கள் என்று சொல்லுங்கள்.