அமெரிக்காவில் பிஜிஒய்1 ரெசிடென்சி: இந்திய ஃபார்ம்டி முடித்தவர் எங்கிருந்து தொடங்குவது?

கல்வம்:
ஆறு வருஷ ஃபார்ம்டி (மருந்தாளுநர் படிப்பு), கடைசி வருஷ இன்டர்ன்ஷிப்பில் பொது மருத்துவம் ஆறு மாசம், மற்ற மூணு துறையில் இரண்டிரண்டு மாசம். இதை வைத்து அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் பிஜிஒய்1 ரெசிடென்சிக்கு (பட்டத்துக்குப் பிந்தைய முதலாண்டுப் பயிற்சி) நேரடியா விண்ணப்பிக்கலாமா? லைசென்ஸ் முன்னாடியே வேணுமா? இன்டர்வியூவில் எந்த மாதிரி கேஸ் கேட்பாங்க?

இரவுப்பணி:
நேரடியா முடியாது. ஏஎஸ்எச்பி (அமெரிக்க மருந்தாளுநர் சங்கம்) அங்கீகரித்த ரெசிடென்சிக்கு, அமெரிக்காவில் அங்கீகாரம் உள்ள கல்லூரிப் பட்டம் வேணும். இல்லைன்னா என்ஏபிபி (மாநில மருந்தாளுநர் வாரியங்களின் கூட்டமைப்பு) வெளிநாட்டில் படித்தவர்களுக்குத் தரும் எஃப்பிஜிஇசி சான்றிதழ் வேணும். 2003-க்குப் பிறகு பட்டம் வாங்கியவர்கள் ஐந்தாண்டுப் பாடத்திட்டம் படிச்சிருக்கணும். நாலு வருஷ பிஃபார்ம் இங்கேயே அடிபடும். உங்களுக்குச் சிக்கல் இல்லை.

சான்றிதழுக்கு மூணு வேலை: ஈசிஇ என்ற நிறுவனத்தின் பட்ட மதிப்பீடு, டோஃபல் ஆங்கிலத் தேர்வு, எஃப்பிஜிஇஇ என்ற மருந்தியல் தேர்வு. தேர்வைவிட நாளைத் தின்பது காகிதம்தான். குறிப்பா நம்ம ஊர் இனிஷியல். பட்டத்தில் ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பேர் முழுசா சர்நேம். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு ஆவணத்தை முன்கூட்டியே தயார் பண்ணி வையுங்க.

லைசென்ஸ் விஷயத்தில்தான் பலரும் ஏமாறுவது. விண்ணப்பிக்கும்போது அது தேவையில்லை. ஆனா ரெசிடென்சி ஜூலை வாக்கில் தொடங்கினால், தொடங்கிய 120 நாளுக்குள் வாங்கியாகணும். நாப்ளெக்ஸ் என்ற லைசென்ஸ் தேர்வும் அந்த மாநிலத்தின் சட்டத் தேர்வும் அதில் அடக்கம். வெளிநாட்டில் படித்தவருக்குப் பல மாநிலங்களில் 1500 மணி நேர இன்டர்ன் பயிற்சியும் உண்டு (மாநிலத்துக்கு மாநிலம் மாறும்). வாரம் 40 மணி என்றாலே 38 வாரம் ஆகும். 120 நாளில் எப்படி முடியும்? அதனால் அந்த மணி நேரத்தை ரெசிடென்சிக்கு முன்பே அங்கே போய் முடிக்கணும். ஜூலையிலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டம் போடுங்க.

நாலாம்வார்டு:
மேலே சொன்னதோடு வீசாவையும் சேர்த்துக்குங்க. நிறைய ஆஸ்பத்திரிகள் வீசா ஸ்பான்சர் செய்வதில்லைன்னு தங்கள் பக்கத்திலேயே போட்டிருக்கும். கட்டணம் கட்டும் முன் அதைப் படிங்க, தெளிவில்லைன்னா மெயில் போட்டுக் கேளுங்க.

விண்ணப்பம் ஃபோர்காஸ் என்ற ரெசிடென்சி விண்ணப்பத் தளம் வழியா, நவம்பர் முதல். ஜனவரி, பிப்ரவரியில் இன்டர்வியூ, மார்ச் நடுவில் முதல் கட்ட மேட்ச் முடிவு (இரு தரப்பு ரேங்க் பட்டியலையும் பொருத்தி இடம் ஒதுக்குவதுதான் மேட்ச்). ரேங்க் பட்டியலில் "கிடைக்கக்கூடிய" இடத்தை மேலே போடாதீங்க. மேட்ச் கணக்கு விண்ணப்பதாரர் விருப்பத்திலிருந்து ஆரம்பிக்கிறது. ஆசைப்பட்ட வரிசையிலேயே போட்டால் நஷ்டம் கிடையாது. போக முடியாத இடத்தைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம், மேட்ச் ஆனால் இரு தரப்பையும் கட்டும்.

பரிந்துரைக் கடிதத்தைத் துறைத்தலைவர் என்பதற்காக அவரிடம் வாங்குவது வீண். வார்டில் உங்க டோஸ் மாற்றத்தை டாக்டர் ஏற்றுக்கொண்டதைக் கண்ணால் பார்த்தவர் எழுதட்டும்.

இரவுப்பணி:
கேஸ் கேள்விக்கு ஒரு மாதிரி: 70 கிலோ நோயாளி, ரத்தத்தில் எம்ஆர்எஸ்ஏ (பல ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத பாக்டீரியா), கிட்னி சரியா இருக்கு, வான்கோமைசின் ஆன்டிபயாடிக் தொடங்கணும். லோடிங் டோஸ் (முதலில் தரும் பெரிய டோஸ்) கிலோவுக்கு 20 முதல் 35 மி.கி.; 25 எடுத்தால் 1750 மி.கி. நிமிடத்துக்கு 10 மி.கி.-க்கு மேல் ஏற்றக் கூடாது, ஆக மூணு மணி நேரம் பிடிக்கும். அப்புறம் "ட்ரஃப் 15-20 வைப்போம்" (ட்ரஃப் என்றால் அடுத்த டோஸுக்குச் சற்று முன் ரத்தத்தில் இருக்கும் மருந்தளவு) என்று சொன்னால் மதிப்பெண் போச்சு. 2020 வழிகாட்டுதல் அதைக் கைவிட்டு, ஏயுசி (ஒரு நாளில் உடல் சந்திக்கும் மொத்த மருந்தளவு) 400-600-ஐ இலக்காக்கியது. காரணம் கிட்னி பாதிப்பு. அந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்க.

கல்வம்:
ரத்தத்தில் மருந்து லெவல் எப்போ எடுக்கச் சொல்லணும்?

நாலாம்வார்டு:
இரண்டு. மருந்து ஏறி முடிந்து 1-2 மணி நேரத்தில் ஒன்று, அடுத்த டோஸுக்குச் சற்று முன் இன்னொன்று. மருந்து ஏறிய அதே லைனில் ரத்தம் எடுத்தால் லெவல் பொய்யா உயரும். அதை நம்பி டோஸைக் குறைச்சா தொற்று அடங்காது. கணக்கில் போடுவது ரத்தம் எடுக்கச் சொன்ன நேரம் இல்லை, உண்மையில் எடுத்த நேரம். நர்ஸிடம் கேட்டு உறுதி செய்வேன்னு நீங்களே இன்டர்வியூவில் சொல்லுங்க.