கங்காருக் குட்டிக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, உதவி தேவை

ஆஸ்திரேலியாவின் மேற்குக் குயின்ஸ்லாந்து, லாங்ரீச்சுக்குத் தெற்கே மாட்டுப் பண்ணை. தாய் வண்டியில் அடிபட்டுச் செத்த சிவப்புக் கங்காருக் குட்டி, பெண், 1.1 கிலோ. கண் திறந்துவிட்டது, முடி மெல்லிசாக முளைக்கிறது.

செவ்வாயிலிருந்து மஞ்சள் கலந்த பச்சையாக, தண்ணீராகப் போகிறது. புளித்த மாவு வாடை. வாயில் வெள்ளைப் படலம் இல்லை. எடை ஏறவில்லை, தோலை இழுத்துவிட்டால் மெதுவாகத்தான் படிகிறது.

வொம்பாரூ (கங்காருக் குட்டிகளுக்கான பால்மாவு; எண் குட்டியின் வளர்ச்சிக் கட்டம்) 0.4-லிருந்து 0.6-க்குத் திங்கட்கிழமை பண்ணையில் ஒரேயடியாக மாற்றினார்கள். படிப்படியாகக் கலந்து மாற்றியிருக்க வேண்டும். நாளுக்கு 130 மி.லி., ஐந்து வேளை. பசும்பால் தரவில்லை. குட்டியை வைத்திருக்கும் துணிப்பையின் சூடு 31 டிகிரி செல்சியஸ். பாலைப் பாதி நீர்த்தாயிற்று, இடையில் எலக்ட்ரோலைட்டும் கொடுத்தாயிற்று, புட்டி, ரப்பர் காம்பு எல்லாம் கொதிக்க வைத்தாயிற்று. குறையவில்லை.

மழையில் கரிசல் பாதை மூடிக்கிடக்கிறது. மருத்துவரிடம் போக வழியில்லை.

இது பால் மாற்றத்தால் வந்ததா, கேண்டிடா பூஞ்சையா, எதை வைத்துப் பிரித்தறிவது?