சாவியை அணைத்த பிறகும் ஓடும் கார்புரேட்டர் எஞ்சின்: ஆலோசனை தேவை

வணக்கம். தருமபுரியில், என் தந்தையார் காலத்துக் கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்) உள்ள கார் ஒன்றை இன்னும் ஓட்டி வருகிறேன். சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறி வந்து வீட்டு வாசலில் சாவியை அணைத்தால், எஞ்சின் உடனே நிற்காமல் ஐந்தாறு விநாடிகள் உதறிக்கொண்டே சுற்றி, பெரிய குலுக்கலுடன் அடங்குகிறது. கடைத்தெரு வரை மட்டும் போய் வந்தால் இந்தத் தொல்லை இல்லை.

முதலில் இக்னிஷன் சுவிட்சைச் சந்தேகித்தேன். ஆனால் சாவியை அணைத்ததும் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலில் மாட்டிய சோதனை பல்பு அணைந்துவிடுவதால், தீப்பொறி இன்றி, பழுக்கக் காய்ந்த கரிப்படிவோ ஸ்பார்க் பிளக் முனையோதான் பெட்ரோலைப் பற்றவைக்கிறது என்று கருதுகிறேன். கழற்றிப் பார்த்ததில் மூன்று பிளக்குகள் இளம்பழுப்பாக இருக்க, நான்காவதன் பீங்கான் மட்டும் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. ஐடில் வேகத்தை (வண்டி நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகம்) குறைத்தபோது உதறல் சற்றுத் தணிந்தது. ஆனால் சிக்னலில் வண்டி அணைந்துவிடுகிறது.

இன்னொன்று: ஐடில் பெட்ரோலை நிறுத்தும் சொலினாய்டு வால்விலிருந்து, சாவி போடும்போது வர வேண்டிய 'டிக்' ஒலி வரவில்லை. அப்படியும் ஐடிலில் ஓடுகிறது என்றால், முன்பு யாரோ பெட்ரோல் வழியை அடைக்கும் அதன் ஊசியை வெட்டி எறிந்திருக்க வேண்டும். நம் பக்கத்தில் இது புதிதல்ல.

வெளுத்த பிளக்குக்குக் காரணம் மேனிபோல்டு கேஸ்கெட் (எஞ்சினுக்குள் கலவை செல்லும் குழாயின் இணைப்பை அடைக்கும் தகடு) வழியே காற்று புகுவதாக இருக்குமா? சொலினாய்டை முதலில் மாற்றுவதா, எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிக் கரி எடுப்பதா? டைமிங் லைட் வைத்துத் தீப்பொறி விழும் நேரத்தை (டைமிங்) பார்க்கும் மெக்கானிக் கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ இருந்தால் தெரிவிக்கவும். அதுவரை நான்காம் கியரில் பிரேக்கை மிதித்துக் கிளட்சை விட்டு எஞ்சினை நிறுத்தி வருகிறேன். இதனால் கேடு உண்டா?