இன்டேக் போர்ட்: காற்று முக்கியமா, சுழல் முக்கியமா?

கிரைண்டர்கை:
சிலிண்டருக்கு நான்கு வால்வு உள்ள பெட்ரோல் இன்ஜினின் ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) ஒன்றில் வேலை செய்கிறேன். இன்டேக் போர்ட்டை, அதாவது காற்று உள்ளே வரும் வழியைப் பெரிதாக்கி, உள்வளைவை வழவழவென்று இழைத்ததும், போர்ட் வழியே ஓடும் காற்றை அளக்கும் ஃப்ளோ பெஞ்ச்சில் காற்று கூடியது. காற்று கூடினால் பவர் கூடும். சுழல், கொந்தளிப்பு என்ற பேச்செல்லாம் அதற்கு அப்புறம்தான் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

உருளைச்சுழி:
மறுக்கிறேன். ஃப்ளோ பெஞ்ச்சில் வால்வு திறந்தபடியே நிற்கும், காற்று சீராக ஓடும். 6000 ஆர்பிஎம்மில் உறிஞ்சும் ஸ்ட்ரோக்குக்குக் கிடைப்பதோ 5 மில்லி செகண்ட். உள்ளே போன காற்று எப்படிச் சுழன்றது என்பதை, டம்பிள் (சிலிண்டருக்குள் காற்று மேலும் கீழுமாக உருள்வது) அளக்கத் தனி அமைப்பு பொருத்தாதவரை பெஞ்ச் சொல்லாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அசைவற்ற கலவையில் தீ செகண்டுக்கு அரை மீட்டர் அளவில்தான் நகரும். 80 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), நடுவில் ஸ்பார்க் பிளக் என்றால் சுவரைத் தொட 40 மி.மீ. போக வேண்டும். அதற்கே 80 மில்லி செகண்ட். எரிந்த வாயு விரிந்து தீயைச் சில மடங்கு வேகமாகத் தள்ளினாலும் போதாது, 6000 ஆர்பிஎம்மில் ஒரு முழுச் சுற்றே 10 மில்லி செகண்டில் முடிந்துவிடும். மிச்ச வேகத்தைத் தருவது டம்பிள். காற்று எக்ஸாஸ்ட் பக்கம் பாய்ந்து, சுவரோடு இறங்கி, பிஸ்டன் தலையில் திரும்பி உருளும். பிஸ்டன் ஏற ஏற அந்த உருளல் நசுங்கிச் சின்னச் சின்னச் சுழிகளாக உடையும். தீயின் முகத்தை மடித்து, எரியும் பரப்பைக் கூட்டுவது அவைதான்.

கிரைண்டர்கை:
சரி, ஆனால் ஆர்பிஎம் கூடினால் கொந்தளிப்பும் தானாகக் கூடுமே. அதனால்தான் எரிப்புக்கு ஆகும் கிராங்க் டிகிரி (அதற்குள் கிராங்க் ஷாஃப்ட் சுழலும் கோணம்) பெரிதாக மாறுவதில்லை. மேல் ஆர்பிஎம்மிலேயே ஓடப்போகிற இன்ஜினுக்குக் காற்றுதான் பஞ்சம். டம்பிளும் இலவசமாக வருவதில்லை. வால்வின் ஒரு பாதி வழியாகவே பெரும்பங்கு காற்றைத் தள்ளி வாங்குவது அது.

உருளைச்சுழி:
கூடும், ஆனால் எந்த அளவிலிருந்து? டம்பிள் குறைந்த ஹெட் எல்லா வேகத்திலும் பின்தங்கியே நிற்கும். அப்புறம், நீங்கள் இழைத்த உள்வளைவில், வால்வு மூடும்போது அமரும் இடமான வால்வு சீட்டுக்குச் சற்று முன்னால் கூரான விளிம்பு இருந்ததா? டம்பிளுக்காக வடிவமைத்த ஹெட்களில் அது வார்ப்புப் பிசிறு அல்ல. காற்று அந்த இடத்தில் வளைந்து இறங்காமல் சுவரை விட்டுப் பிரிந்து, வால்வின் மேல்பக்கமாகப் பாயட்டும் என்று வேண்டுமென்றே வைப்பது. அதை உருட்டிவிட்டால் காற்று வால்வைச் சுற்றி எல்லாப் பக்கமும் இறங்கும். பெஞ்ச் எண் ஏறும், டம்பிள் விழும்.

நேர்வழி:
இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும். டொயோட்டாவின் 2.5 லிட்டர் டைனமிக் ஃபோர்ஸ் இன்ஜினில் போர்ட்டை நேராக்கி, வால்வுகளுக்கு இடையிலான கோணத்தை 31-லிருந்து 41 டிகிரியாக விரித்தார்கள். தனி வளையத்தை அழுத்திப் பொருத்தாமல், லேசரால் உலோகத்தை உருக்கிப் படியவைத்தே வால்வு சீட் அமைத்தார்கள். போர்ட் வடிவத்துக்கு அதில் இடம் கிடைத்தது.

கிரைண்டர்கை:
அது புதிதாக வரைந்த இன்ஜின். என் மேஜையில் இருப்பது வார்த்து முடித்த ஹெட். வால்வுக் கோணத்தை நான் எப்படி மாற்றுவது?

உருளைச்சுழி:
மாற்ற முடியாது. அதனால்தான் இருக்கும் டம்பிளையாவது கெடுக்க வேண்டாம் என்கிறேன். பவரையும் டார்க்கையும் அளக்கும் டைனோவில் ஏற்றும்போது இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தைக் கவனியுங்கள். அதிக டார்க் கிடைக்க முன்பைவிடக் கூடுதல் அட்வான்ஸ் (இன்னும் முன்கூட்டியே பொறி) கேட்டால் எரிப்பு மெதுவாகியிருக்க வாய்ப்பு அதிகம்.

கிரைண்டர்கை:
நியாயமான சோதனை. பழைய ஹெட்டையும் அதே இன்ஜினில் மாட்டி, 3000-லும் 7000-லும் இரண்டின் டைமிங்கையும் எடுத்துப் போடுகிறேன். 7000-இல் டார்க் கூடியிருந்தால் விளிம்பு போனதற்கு நான் வருந்தப்போவதில்லை.