புதுப்பிப்பு: இரைத்துக்கொண்டிருந்த பசு இப்போது எப்படி இருக்கிறது

உசிலம்பட்டி வெயிலில் எங்கள் ஜெர்சி கலப்புப் பசு நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கிறது, பால் 9 லிட்டரிலிருந்து 6-க்கு இறங்கிவிட்டது என்று போன வாரம் எழுதியிருந்தேனே, அதன் தொடர்ச்சி. தகரக் கொட்டகை மேல் தென்னங்கீற்று பரப்பித் தண்ணீர் தெளித்தேன். பிண்ணாக்கு, தவிடு மாதிரி அடர்தீவனம் விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான், தின்றது செரிக்கும்போதே உடம்புச் சூடு ஏறுமாம். தொட்டியில் எந்நேரமும் தண்ணீர். இப்போது 8 லிட்டர், மதியம் அசைபோட்டுக்கொண்டு படுத்திருக்கிறது.

அப்புறம், வாடிய இளஞ்சோளத்தை அறுத்துப் போடலாமா என்று கேட்டவருக்கு: வேண்டவே வேண்டாம், அதில் இருக்கும் சயனைடு நஞ்சு மாட்டையே சாய்த்துவிடும். பூத்த பிறகு அறுத்து, வெயிலில் உலர்த்திப் போடுங்கள்.