சூரியன் எப்படி கிரகம்? எங்கள் குடும்பக் குழுவில்

சித்தப்பா: அண்ணே, நேற்று நவகைலாசம் போய்விட்டு வந்தோம், அதான் தாமிரபரணிக் கரையில் நவகிரகத்துக்கு ஒன்றாக இருக்கும் ஒன்பது சிவன் கோயில்கள். பாபநாசம் சூரியன் தலம், சேரன்மகாதேவி சந்திரன் தலம் என்றதும் சின்னவன் பிடித்துக்கொண்டான். "சூரியன் நட்சத்திரம், நிலா துணைக்கோள் என்றுதானே பள்ளியில் படித்தேன், இங்கே எப்படி கிரகம்?" என்கிறான். நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பெரியப்பா: நல்ல கேள்விடே. இதை அவனுக்கு வாசித்துக் காட்டு. கிரகத்துக்கு ஆங்கிலத்தில் பிளானட். அது கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பிளானேட்டெஸ் என்றால் அலைந்து திரிபவர். நட்சத்திரங்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறாமல் கூட்டமாகவே நகரும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே இடம் மாறிக்கொண்டே போனவை ஏழு: புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி, கூடவே சூரியனும் சந்திரனும். ஏழையுமே கிரேக்கர்கள் பிளானட் என்றுதான் எண்ணினார்கள். நம் நவகிரகத்திலும் இந்த ஏழும் உண்டு.

அத்தை: சூரியன் எங்கே அலைகிறது அண்ணே? தினமும் கிழக்கே உதித்து மேற்கே போகிறது, அவ்வளவுதானே.

பெரியப்பா: அது பூமி சுழல்வதால் வருவது, எல்லாவற்றுக்கும் பொது. சித்திரையில் சூரியன் மேஷத்தில், வைகாசியில் ரிஷபத்தில் என்கிறோமே, அதுதான் அலைச்சல். நம் மாதப் பிறப்பே சூரியன் ராசி மாறுவதுதானே. நிலா இன்னும் வேகம். பஞ்சாங்கத்தின் 27 நட்சத்திரங்களையும் சுமார் 27 நாளில் சுற்றி வந்துவிடும்.

அத்தை: அப்போ ராகு, கேது?

பெரியப்பா: அவை கண்ணுக்குத் தெரியும் பொருள்கள் இல்லை. சூரியன் பாதையும் நிலாவின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு இடங்கள். அங்கே சூரியனும் நிலாவும் சேர்ந்தோ எதிரெதிராகவோ வரும்போதுதான் கிரகணம். இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்புதான்.

அண்ணன்: பட்டியல் எப்போது மாறியது பெரியப்பா?

பெரியப்பா: 1543இல் வானியலாளர் கோப்பர்நிக்கஸின் நூல் வந்தது. நடுவில் சூரியன், பூமி அதைச் சுற்றுகிறது என்றார். எல்லாரும் ஏற்க வெகுகாலம் ஆனது. சூரியன் பட்டியலை விட்டுப் போனது, பூமி உள்ளே வந்தது, நிலா பூமிக்குத் துணையானது. 1781இல் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டார். 2006இல் புளூட்டோ வெளியே போனதை நாமே பார்த்தோம்.

அண்ணன்: செவ்வாய் வக்கிரம் என்கிறார்களே, நிஜமாகவே பின்னால் போகிறதா?

பெரியப்பா: இல்லை. நாற்கரச் சாலையில் நம் கார் ஒரு லாரியை முந்தும்போது, தூரத்து மலையோடு வைத்துப் பார்த்தால் லாரி பின்னால் நகர்வதுபோல் தெரியுமே, அப்படி. பூமி உள்வட்டத்தில் வேகமாகப் போய்ச் செவ்வாயை முந்துகிறது. சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை இது நடக்கும்.

சித்தப்பா: அண்ணே, வாசித்துக் காட்டினேன். "பூமியும் அலைகிறதே, அதற்கு ஏன் நவகைலாசத்தில் கோயில் இல்லை?" என்கிறான்.

பெரியப்பா: பலே! நாம் பூமி மேல் நின்றல்லவா பார்க்கிறோம், அது அலைவது நம் கண்ணுக்குத் தெரியாது. கிரேக்கர்கள் எண்ணிய ஏழிலும் பூமி இல்லையே. அவனை இன்று மாடிக்கு அனுப்பு. நிலாவுக்குப் பக்கத்தில் எந்த நட்சத்திரம் என்று படம் வரையட்டும், நாளைக்கும் அதே நேரத்தில் வரையட்டும். இரண்டையும் எனக்கு அனுப்பு.

சித்தப்பா: சரி அண்ணே. நோட்டை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டான்.